வெள்ளிக்கிழமை பத்தரை டு பன்னெண்டு

சொந்த ஊருக்கு கழுத்துல விசிட்டர் பேட்ஜ் மாட்டினு போன மொத ஆளு நானாதான் இருக்கும்.

நான் நித்யா. திருவண்ணாமலைய ஒட்டி இருக்கற வேங்கிக்கால்ல பொறந்து வளந்தவ. இப்போ ரெண்டு வருஷமா ஜெர்மனில ஒரு சின்ன ஊர்ல மாஸ்டர்ஸ் பண்றேன், அப்படியே அங்க ஒரு ஸ்கூல்ல பார்ட் டைம் வேல. அந்த ஸ்கூலுக்கு வெளிநாட்டுல ஒரு ஜோடி ஸ்கூல் வேணுமாம். இவங்க பசங்க அங்க போய் வீடுகள்ல தங்கணும், அவங்க பசங்க இங்க வந்து தங்கணும், ரெண்டு பக்கமும் அடுத்தவங்க பழக்கவழக்கத்த புரிஞ்சிக்கணும். ஸ்டாஃப் ரூம்ல காபி குடிச்சினு இருந்தப்ப, "நான் படிச்ச ஸ்கூல் இருக்கு, கேட்டு பாக்கட்டா?"னு வாய உட்டேன். அவ்ளோதான். கெல்லர் மேடம் உடனே டைரிய தொறந்துட்டாங்க.

கெல்லர் மேடம் அங்க ஜாக்ரஃபி டீச்சர். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கைக்கடிகாரத்த நம்பற அளவுக்கு மனுஷங்கள நம்ப மாட்டாங்க. ஒரு வாரம் எங்க ஊருக்கு போறதுன்னு ஆச்சு, கெளம்பறதுக்கு முன்னாடி கூட வர அஞ்சு ஸ்டூடென்ட்ஸுக்கும் ஆளுக்கு ஒரு நோட்டு குடுத்தாங்க. பக்கத்துக்கு மூணு கட்டம். மொத கட்டம் பாத்தது, ரெண்டாவது கேட்டது, மூணாவது நெனச்சது. ரூல் ஒன்னே ஒன்னு. யார்கிட்டயாவது போய் கேட்டு ரெண்டாவது கட்டத்த நிரப்பாம மூணாவது கட்டத்துல பேனாவே வைக்கக் கூடாது.

எனக்கும் ஒரு நோட்டு நீட்டினாங்க. "மேடம், அது என் ஊரு"னு சிரிச்சேன். வாங்கி பேக்ல போட்டேன். அது வாரம் பூரா அங்கயே தூங்குச்சு.

ஞாயித்துக்கெழம காலைல சென்னைல எறங்கி, வேன்ல ஊருக்கு. ஜெர்மனில பஸ்ல ஒருத்தர் போன் பேசினாலே பின் சீட்டுக்காரர் இருமுவாரு. எங்க டிரைவர் மணி அண்ணன் வண்டி ஓட்டினே மூணு பேர்கிட்ட பேசி, ஒரு பொண்ணு பாக்கற மேட்டர முடிச்சு வச்சிட்டாரு. வழில கோலி சோடா வாங்கி குடுத்தேன். கோலி 'டொப்'னு உள்ள எறங்கினதும் அஞ்சு பேரும் கத்தினாங்க. அப்புறம் அந்த கோலிய வெளிய எடுக்க அரை மணி நேரம் போராடினாங்க. எடுக்க முடியாதுன்னு நான் சொல்லல. எங்களுக்கு எவனாவது சொன்னானா? நாங்களும் ஒடச்சுதான கத்துக்கினோம்.

மலை தெரிஞ்சதும் மணி அண்ணன் போன கட் பண்ணிட்டு கன்னத்துல போட்டுக்கினாரு. எனக்கு முன் சீட்டுல யானான்னு ஒரு பொண்ணு, பதினாறு வயசு, ஜாஸ்தி பேச மாட்டா. அவ மட்டும் நோட்ட தொறந்து ஏதோ எழுதினா.

திங்கக்கெழம ஸ்கூல்ல வரவேற்பு. கேட்டாண்ட எறங்கினதும் கெல்லர் மேடம் அப்படியே நின்னுட்டாங்க. பத்தடி ஒசரத்துக்கு ஃப்ளெக்ஸு. அதுல இவங்க மூஞ்சி. ரெஜிஸ்ட்ரேஷனுக்காக அனுப்பின பாஸ்போர்ட் காப்பில இருந்து போட்டோவ வெட்டி போட்டுட்டாங்க. பாஸ்போர்ட்டுக்கு சிரிக்கக் கூடாதுல்ல? வானத்த பாத்து மொறச்சினு நிக்கறாங்க. கீழ 'உலகத் தரத்தில் ஓர் உன்னதப் பயணம்'னு எழுத்து.

"நான் தேடப்படற குற்றவாளியா?"னு என் காதுல கேட்டாங்க.

"மரியாத மேடம்."

கரஸ் சார் மாலையோட வந்தாரு. கரஸ்பாண்டென்ட்ட நாங்க படிக்கும்போதே கரஸ்னுதான் சொல்லுவோம், அவருக்கும் தெரியும். சட்டைல இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிக்கும். என்ன பாத்ததும், "ஏம்மா, நீ எட்டாவதுல பெஞ்சு மேல ஏறி நின்னவதான?"னாரு. ஜெர்மன்காரங்க முன்னாடி. "ஆமா சார்." "பரவால்ல, இப்போ ஏரோப்ளேன்ல ஏறிட்ட."

அன்னிக்குதான் கவியாவ பாத்தேன். ப்ளஸ் ஒன். அடி அண்ணாமலை பொண்ணு. அப்பா பூ வெவசாயம், அம்மாவுக்கு கிரிவலப் பாதைல பெட்டிக்கட. யானா தங்கப்போற வீடு இவளுது. மே மாசம் ஜெர்மனிக்கு வரப்போற மூணு பேர்ல இவளும் ஒருத்தி. ஆனா அதுக்கு ரெண்டு ஸ்கூலும் ஒப்பந்தத்துல கையெழுத்து போடணும். அந்த பேப்பர் வெள்ளிக்கெழம நாங்க கெளம்பும்போது கைல இருக்கணும், ஏன்னா திங்கக்கெழம அங்க மீட்டிங். ஸ்கேன் செல்லாது, மை காயாத ஒரிஜினல் தான் வேணும், சீல் வேற. எங்க வேங்கிக்கால்ல இருக்கற கலெக்டர் ஆபீஸையே ஜெர்மனி தூக்கி சாப்டுடும், நம்புங்க.

"அக்கா, கையெழுத்து கண்டிப்பா ஆயிடும்ல?"னு கவியா கேட்டா. "எங்கப்பா பாஸ்போர்ட்டுக்கே மூணு மாசம் பேசல. பேப்பர்ல கையெழுத்து உழட்டும், அப்புறம் அனுப்பறேன்னு சொல்லிக்கீறாரு. அடுத்த வருஷம் ப்ளஸ் டூ. டாய்லெட்டுக்கே அனுப்ப மாட்டாங்க, ஜெர்மனிக்கா அனுப்பப் போறாங்க?"

"ஷெட்யூல் போட்டதே நான்டி. வெள்ளி பத்தரைக்கு சைனிங். தூங்கு நிம்மதியா."

ஆமா. வெள்ளிக்கெழம பத்தரை. ஜெர்மனில உக்காந்து, லேப்டாப்ல கலர் கலரா கட்டம் போட்டு நான்தான் வச்சேன்.

யானா போய் தங்கின மறுநாள் காலைல கவியா வீட்டு டேபிள் மேல கார்ன்ஃப்ளேக்ஸ், பிரெட், ஜாம், அப்புறம் கண்ணாடி பொட்டில இருந்து எடுத்த ஸ்பூனு. பக்கத்துல அவங்க எல்லாரும் களியும், மல்லாட்டன்னு நாங்க சொல்ற வேர்க்கடல சட்னியும் சாப்டறாங்க. யானா ரெண்டு வாய் கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்ட்டுட்டு களிய காட்டி இருக்கா. கவியா அம்மா ஒரே பதட்டம். "ஐயய்யோ, அது நாங்க துன்றது பாப்பா." யானா தட்ட நீட்டிட்டே இருந்தாளாம். அன்னிலேர்ந்து கார்ன்ஃப்ளேக்ஸ கவியா தம்பி முடிச்சான்.

செவ்வாய்க்கெழம மூணு மணிக்கு கலைநிகழ்ச்சி ரிகர்சல். மத்த நாலு பேரும் வந்துட்டாங்க. யானாவும் கவியாவும் மட்டும் வரல. போன் பண்ணா கவியா எடுத்து, "வரோம்க்கா"ன்றா. மூணரை, வரோம்க்கா. நாலு, வந்துனே கீறோம்க்கா. அஞ்சு மணிக்கு ஆட்டோல எறங்கறாங்க, யானா தலைல மூணு மொழம் மல்லிப்பூ.

கெல்லர் மேடம் என்ன ஒரு பார்வ பாத்தாங்க. நான் கவியாவ புடிச்சு கத்தினேன். "இன்னாடி, வெளிநாட்டுக்காரங்க முன்னாடி மானத்த வாங்கற? டைம் சென்ஸ் இல்ல?"

"அம்மாதான்க்கா உடல..."

"முறுக்கு குடுத்தாங்க"னு யானா சொன்னா. "அப்புறம் தல பின்னினாங்க. அப்புறம் பூ. அப்புறம் திரும்ப முறுக்கு."

ஏன் உடலன்னு நான் கேக்கல. அதான் முறுக்குன்னு சொல்லிட்டாளே. யானா மட்டும் ஒரு மூலைல கவியாகிட்ட உக்காந்து குசுகுசுன்னு ஏதோ கேட்டு நோட்டுல எழுதிக்கினு இருந்தா.

புதன்கெழம செஞ்சிக் கோட்டை. வெயிலு மண்டைய பொளந்துச்சு, கொரங்கு ஒன்னு ஒரு பையனோட சன்ஸ்க்ரீன் ட்யூப புடுங்கினு போய் மேல உக்காந்து பிதுக்குச்சு. எல்லாம் சூப்பர். திரும்பி வரும்போது ஊருக்கு வெளியவே போலீஸ் பேரிகாட்.

"வண்டி உள்ள போவாது. தற்காலிக பஸ் ஸ்டாண்ட்ல போடுங்க"ன்னாரு போலீஸ்காரர்.

நான் ஜன்னல்ல தல நீட்டி, "ஏன் சார், இன்னா பிராப்ளம்?"

அவரு என்ன மேலயும் கீழயும் பாத்தாரு. "பௌர்ணமிம்மா. எந்த ஊரு நீ?"

"இந்த ஊருதான் சார்."

"இந்த ஊரா!" பக்கத்துல இருந்த இன்னொரு போலீஸ கூப்ட்டாரு. "யோவ், இங்க வாயேன். திருவண்ணாமலைல பொறந்த பொண்ணாம், பௌர்ணமி எப்போன்னு தெரியலையாம்."

மணி அண்ணன் ஸ்டியரிங்ல தலய வச்சு சிரிச்சினு இருந்தாரு. "நீ காலைலயே சொல்லக்கூடாதாண்ணா?"ன்னேன். "உனக்கு தெரியும்னு நெனச்சேன்மா. நீதான ஷெட்யூலு?"

சாயங்காலம் அஞ்சு மணிக்கு நடக்க ஆரம்பிச்சோம். ஊரே ரோட்ல. கெல்லர் மேடம், "இவ்ளோ கூட்டம் வரும்னு உனக்கு தெரியாதா?"ன்னாங்க. "திடீர்னு கூடிட்டாங்க மேடம்"னு அடிச்சு உட்டேன். நிலா என்னமோ மத்தியானம்தான் முடிவு பண்ணி ரவுண்டா ஆன மாதிரி.

ஆனா ஒன்னு சொல்லணும், அந்த நட செம்ம நட. எவ்ளோ பேரு எங்களோட செல்ஃபி எடுத்துக்கினாங்கன்னு கணக்கே இல்ல. அன்னதான லைன்ல சாம்பார் சாதம் தொன்னைல குடுத்தாங்க. எங்க பசங்கள்ல ஒருத்தன் மூணு தடவ லைன்ல நின்னான். "காசு வாங்கல, பேரும் கேக்கல. இதுல அவங்களுக்கு என்ன லாபம்?"னு கேட்டான். நான் ஏதோ சொல்ல வந்தா அவன் உடல, சாதம் போட்டுனு இருந்த ஆளுகிட்டயே கேக்க வச்சான். அவரு கரண்டிய கூட நிறுத்தல. "நீ சாப்ட்ட இல்ல? அதான். நவுரு, பின்னாடி ஆளு நிக்குது."

கவியா அம்மா கடைல போய் உழுந்தோம். வேகவச்ச மல்லாட்ட, சுக்கு காபி. மேடம் செருப்ப கழட்டி காலு நீட்டி உக்காந்து, ரெண்டு பக்கமும் போற கூட்டத்த பாத்துக்கினு இருந்தாங்க. சிரிச்ச முகம். நானும் நிம்மதியா மல்லாட்ட உரிக்க ஆரம்பிச்சேன். அப்போதான் கவியா அம்மா, "சொல்லுமா அவங்ககிட்ட, இது மாசாமாசம் இப்படித்தான் இருக்கும்னு"ன்னாங்க. நான் சொல்றதுக்குள்ள கவியா இங்கிலீஷ்ல சொல்லிட்டா.

மேடம் மல்லாட்டய கீழ வச்சாங்க. "மாசாமாசமா?"

அதுக்கப்புறம் என் ஷெட்யூல அவங்க நம்பல. "வெள்ளிக்கெழம பதினொன்றரைக்கு வேன் கெளம்பணும். ஒரு நிமிஷம் தாண்டக்கூடாது. வழில என்ன திடீர்னு கூடும்னு யாருக்கு தெரியும்?" அந்த 'திடீர்னு'வ அழுத்தி சொன்னாங்க.

வியாழக்கெழம எல்லாருக்கும் காலு வீங்கி கெடந்துச்சு. ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் கிளாஸ்ல உக்கார வச்சு கேள்வி பதில். ஒரு ஜெர்மன் பையன், "ஏன் எல்லாரும் என்ன சாப்டியா சாப்டியான்னு கேக்கறாங்க? நான் பட்டினி கெடக்கற மாதிரியா தெரியறேன்?"னு கேட்டான். நம்ம ஆளுங்கள்ல ஒருத்தன் எந்திரிச்சு, "பிரதர், உங்க ஊர்ல எல்லாரும் எப்டி இருக்கன்னு கேக்கறாங்க. உடம்பு சரியில்லாத மாதிரியா தெரியற?"ன்னான். கிளாஸே விசிலு. கெல்லர் மேடம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கரஸ் சார் வாசல்ல நின்னு பெருமையா பாத்துக்கினு இருந்தாரு. நாளைக்கு ஒரு கையெழுத்து, கத முடிஞ்சுதுன்னு இருந்தேன்.

வெள்ளிக்கெழம. ஹால்ல சேர், மைக்கு, குத்துவெளக்கு. கவியா பட்டுப்பாவாடைல, கைல தாம்பாளம். அதுல ஒரு பேனா, பேனாவுக்கு மஞ்சள் குங்குமம். பத்து இருவதுக்கே கெல்லர் மேடம் ஃபைல தொறந்து வச்சிட்டாங்க. ரெண்டு காப்பி, ஒவ்வொன்னுலயும் அவங்க கையெழுத்து ஏற்கெனவே போட்டாச்சு. சாரோட கையெழுத்துதான் பாக்கி.

பத்தரை. சார் எந்திரிச்சு மைக்க புடிச்சாரு. சாருக்கு இங்கிலீஷ் வரும், ஆனா மேடை இங்கிலீஷ். "ஃபர்ஸ்ட், ஸ்மால் வெல்கம் டான்ஸ்."

திங்கக்கெழம ஆடின அதே டான்ஸு.

பத்தே முக்கா. சால்வ. பதினொன்னு. டீ, சமோசா. நான் போய், "சார், கையெழுத்து..."ன்னேன். அவரு என்ன உத்து பாத்து கண்ண ஒரு மாதிரி காட்டினாரு. எட்டாவதுல பெஞ்சு மேல ஏத்தும்போது காட்டின கண்ணு. "இரும்மா. இப்போ இன்னா அவசரம்?"

கெல்லர் மேடம் என் பக்கம் சாஞ்சாங்க. "எதுக்கு காத்துக்கினு இருக்கோம்?"

எனக்கு தெரியல. தெரியலன்னு சொல்லி இருக்கலாம். "ஒரு முக்கியமான விருந்தாளி வரணுமாம் மேடம்."

பதினொன்னு பத்துக்கு சார் கைய தட்டினாரு. கதவு தொறந்துச்சு. ரெண்டு டீச்சர் ஒரு பெரிய கேக்க தூக்கினு வராங்க. நாளைக்கு மேடத்தோட பொறந்த நாளாம், பாஸ்போர்ட் காப்பில பாத்து வச்சிருக்காரு. அவங்க ஊர் போய் சேர்றதுக்குள்ள நாளே முடிஞ்சிடும்னு, பாசமா, இன்னிக்கே. ஹால் பூரா ஹேப்பி பர்த்டே.

கெல்லர் மேடம் மூஞ்சி ஃப்ளெக்ஸ் போட்டோ மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு கையும் மேல தூக்கி, "வேணாம். ப்ளீஸ். நாளைக்குதான். இன்னிக்கு வேணாம்"னாங்க. கத்திய வாங்கவே இல்ல.

பாட்டு பாதில நின்னுச்சு. சார் முகம் சுண்டிப்போச்சு. "ஏம்மா, முட்ட போடாத கேக்கும்மா. சொல்லு அவங்ககிட்ட. இன்னா கோவம் அவங்களுக்கு?"

"கோவம்லாம் இல்ல சார். அவங்களுக்கு சுகரு."

"அடடா." சார் திரும்பி, "டேய், உப்பு பிஸ்கட் வாங்கினு வாங்கடா!"ன்னாரு.

மேடம் கேட்டாங்க, "விருந்தாளி எங்க?"

சார் கேட்டாரு, "சமோசா கூட சாப்டலையே, பிரஷரும் கீதா?"

நான் நடுவுல. ரெண்டு பொய்ய ரெண்டு பக்கமும் தூக்கினு நிக்கறேன். ஏசில வேர்த்து ஊத்துது.

பதினொன்னு இருவது. உப்பு பிஸ்கட்தான் வந்துச்சு. மேடம் ஃபைல மூடினாங்க. "புரிஞ்சிடுச்சு நித்யா. அவருக்கு விருப்பம் இல்ல. மூஞ்சிக்கு நேரா சொல்ல சங்கடப்படறாரு. பரவால்ல, வேற ஸ்கூல் லிஸ்ட்ல இருக்கு. பத்து நிமிஷத்துல கெளம்பறோம்."

ஜெர்மன்ல சொன்னாங்க. ஆனா ஃபைலு பைக்குள்ள போறது எல்லா பாஷைலயும் ஒன்னுதான். கவியா தாம்பாளத்தோட என்கிட்ட ஓடி வந்தா, பேனா உருண்டு வெளிம்புக்கு வந்துச்சு.

"அக்கா, இன்னா சொல்றாங்க?"

"ஒன்னுமில்லடி."

மூணாவது பொய்யி. அவ நம்பல. கண்ணு ரொம்பிடுச்சு, தொடைக்க கை இல்ல, ரெண்டு கையும் தாம்பாளத்துல.

யானா அத பாத்துக்கினே இருந்தா. அப்புறம் எந்திரிச்சா. நேரா மேடைக்கு பின்னாடி செவுத்தாண்ட போனா. அங்க ஒரு தினசரி காலண்டர், தாளு கிழிக்கறது. அதுல வெரல வச்சு நம்பர படிச்சா. தன்னோட நோட்ட தொறந்து, கெல்லர் மேடத்துக்கு முன்னாடி வச்சா.

"செவ்வாய்க்கெழம பக்கம் மேடம். பாத்தது: வீட்டம்மா மூணு மணில இருந்து நாலரை வரைக்கும் எங்கள வெளிய உடல, முறுக்கு குடுத்துக்கினே இருந்தாங்க, நடுநடுவுல காலண்டர பாத்தாங்க. கேட்டது: கவியாகிட்ட கேட்டேன். ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் நல்லது எதையும் ஆரம்பிக்க மாட்டாங்களாம். நாளுக்கு நாள் நேரம் மாறும், காலண்டர்ல எந்த வரில போட்டு இருக்கும்னு காட்டினா. இன்னிக்கு பத்தரைல இருந்து பன்னெண்டு வரைக்கும்."

மேடம் காலண்டர பாத்தாங்க. நான் காலண்டர பாத்தேன். வெள்ளி. இராகு 10.30 - 12.00.

அட கடவுளே. சின்ன வயசுல இருந்து வீட்ல கேட்டு கேட்டு காது புளிச்ச மேட்டரு. அத கரெக்டா குறி பாத்து, முத்து முத்தா பச்ச கலர் கட்டத்துல நான்தான் வச்சிருக்கேன். பத்தரை ஷார்ப்.

யானா மெதுவா, "நீங்க இன்னும் ரெண்டாவது கட்டம் நிரப்பல மேடம். நேரா மூணாவதுக்கு போயிட்டீங்க"ன்னா.

மேடம் காது செவந்துச்சு. என்ன பாத்து, "கேளு அவர"ன்னாங்க.

வாரத்துல மொத தடவ, ஒருத்தர் ஏன் இப்படி பண்றாருன்னு நானா அவரையே கேட்டேன். "சார், ராகு காலத்துக்காகவா வெயிட் பண்றீங்க?"

சார் மைக்க கையால பொத்தினாரு. "மெதுவா பேசும்மா! வெள்ளிக்கெழம பத்தரைக்கு எவன்மா கையெழுத்து போடுவான்? நானும் அப்போலேர்ந்து கண்ண காட்டறேன், நீ மரம் மாதிரி நிக்கற. இவங்ககிட்ட எப்டி சொல்றது? வெளிய உலகத் தரம்னு ஃப்ளெக்ஸ் வச்சிக்கீறோம்!"

ஒரு வார்த்த உடாம மேடத்துக்கு சொன்னேன். ஃப்ளெக்ஸ் உள்பட. அவங்க திரும்பி கேக்க பாத்தாங்க.

"அவர்கிட்ட சொல்லு. எங்க ஊர்ல பொறந்த நாளுக்கு முன்னாடி வாழ்த்து சொன்னா ஆவாது. நானும் நம்பறது இல்ல. ஆனா ஒரு தடவ என் தங்கச்சி ஒரு நாள் முன்னாடி போன் பண்ணா, நான் ஹலோ கூட சொல்லாம வச்சிட்டேன். எனக்கு சக்கர வியாதி எல்லாம் கெடையாது. அது யார் சொன்னது?"

நான் கூரைய பாத்தேன்.

சாருக்கு சொன்னதும் அவரு வாய பொளந்துட்டாரு. "அவங்க ஊர்லயும் இதெல்லாம் கீதா?" முகத்துல அப்படி ஒரு நிம்மதி. சட்ட மடிப்பு கூட கொஞ்சம் தளந்த மாதிரி இருந்துச்சு. "அப்போ கேக்க இப்போ வெட்டவே கூடாதும்மா! மூடு மூடு, பொட்டில போடு! யாரும் பாடாதீங்கடா!"

மேடம் ஃபைல வெளிய எடுத்தாங்க. கைக்கடிகாரத்த கழட்டி மேஜைல வச்சாங்க. "காத்திருக்கலாம். முன்னாடியே சொல்லி இருந்தா இன்னும் ரெண்டு சமோசா சாப்ட்டு இருப்பேன்." உப்பு பிஸ்கட்ட தள்ளி வச்சிட்டு சமோசாவ எடுத்தாங்க.

மேஜ மேல இருந்த கடிகாரத்துல பன்னெண்டு ஆச்சு. கவியா தாம்பாளத்த நீட்டினா. சார் பேனாகிட்ட கைய கொண்டு போயி நிறுத்தினாரு. "ரெண்டு நிமிஷம் போவட்டும் மேடம். அந்த கடிகாரம் கொஞ்சம் ஃபாஸ்ட்டு."

"ஜெர்மன் கடிகாரம்!"னாங்க மேடம்.

"இருக்கட்டுமே மேடம், வானத்துக்கு தெரியாதுல்ல அது."

பன்னெண்டு மூணுக்கு கையெழுத்து. சீலு 'டக் டக்'னு விழுந்துச்சு. தாளுல ஒரு ஓரம் குங்குமம் ஒட்டிக்கிச்சு, மேடம் தொடைக்க உடல. கேட்டாண்ட கவியா அப்பா டிவிஎஸ் மேல சாஞ்சு நின்னுக்கினு இருந்தாரு, வழியனுப்ப ஒரு மூட்ட சம்பங்கியோட. மகள பாத்து, "போட்டாங்களா?"ன்னாரு. அவ தலய ஆட்டினா. "ம்." பூவ வேன்ல ஏத்தினாரு. கைய தொடச்சிக்கினு, "அங்க குளுருமாமே, ஸ்வெட்டரு எங்க கெடைக்கும்?"னு என்ன கேட்டாரு. அவ்ளோதான், பர்மிஷன்.

வேன்ல கேக்கு மணி அண்ணன் பக்கத்து சீட்ல பெல்ட் போட்டு உக்காந்து வந்துச்சு. சனிக்கெழம நடுவுல ஏதோ ஒரு ஏர்போர்ட்ல பிளாஸ்டிக் ஸ்பூனால வெட்டினோம். பாட்டு பாடினோம். நான் பேக்ல தூங்கின நோட்ட எடுத்தேன். மொத கட்டம், மூணாவது கட்டம் எல்லாம் மனசுலயே ரொம்பி கெடக்கு. நடு கட்டத்துல எழுத ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு, அதுவும் யானா புண்ணியத்துல.

மே மாசம் கவியாவும் இன்னும் ரெண்டு பேரும் வந்து எறங்கினாங்க. ரெண்டாவது நாளு செவ்வாய்க்கெழம. பக்கத்து ஊருக்கு போக ஸ்டேஷன்ல நிக்கறோம், ரயிலு மூணு பத்துக்கு. கெல்லர் மேடம் என்ன ஓரமா இழுத்தாங்க.

"நித்யா, இன்னிக்கு மூணுல இருந்து நாலரை. பசங்களுக்கு இங்க மொத பயணம். அடுத்த ரயில்ல போலாமா?"

பழைய நித்யாவா இருந்தா ஏதாச்சும் அடிச்சு உட்டு இருப்பேன். "தெரியல மேடம். கேக்கறேன்."

கவியாவ கேட்டேன். அவ வெளிச்சத்த பாத்தா. "அக்கா, அது சூரியன் உதிக்கறத வச்சு கணக்கு. இங்க அஞ்சு மணிக்கெல்லாம் விடிஞ்சிடுது, ஒம்போதுக்கும் வெளிச்சமா கீது. இந்த ஊர்ல அது எப்போ வரும்னு எனக்கு எப்டி தெரியும்? இரு, அம்மாவ கேக்கறேன்."

வீடியோ கால். அந்தாண்ட பெட்டிக்கட, சரம் சரமா பாக்கு பொட்டலம், நடுவுல அவங்கம்மா முகம். கேள்விய கேட்டதும் ஒரே சிரிப்பு. ரயிலு வர சத்தம் கேக்குது. மேடம் என் தோள தட்டி, "என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க?"ன்றாங்க.

"இன்னாடி கேள்வி இது? அந்த ஊரு நல்ல நேரம் கெட்ட நேரம் இங்க குந்தினு கீறவளுக்கு இன்னா தெரியும்? அங்க கீறவங்கள கேளு!"

அப்படியே, ஒரு வார்த்த மாத்தாம, ஜெர்மன்ல சொன்னேன்.